ஏ டிக்கெட்டுக்காரர்கள்

டிக்கெட் விற்றுப் பிழைத்தவர்களுக்கு ஒரு குணம் உண்டு. எந்த ஊருக்குப் போனாலும் கண் முதலில் கவுண்டரைத்தான் தேடும். எத்தனை ஜன்னல் திறந்திருக்கிறது, வரிசை எந்த இடத்தில் முட்டுகிறது, சில்லறைக்கு என்ன ஏற்பாடு என்று பார்த்த பிறகுதான் கோபுரத்தையே நிமிர்ந்து பார்ப்போம். நான் திருச்சி ஜங்ஷனில் முன்பதிவு கவுண்டரில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவள். இந்தக் கோடை விடுமுறையில் கலிபோர்னியாவில் இருக்கும் மகன் குடும்பத்தோடு டிஸ்னிலேண்ட் போவதாக முடிவாகியிருக்கிறது. "டிக்கெட், க்யூ, டைம் எல்லாம் உங்க டிபார்ட்மென்ட், அத்தை. நீங்களே பிளான் போட்டுடுங்க" என்று மருமகள் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டாள். பேரனுக்கு ஆறு வயது. பேத்திக்கு மூன்று முடிந்துவிட்டது. அதனால் அவளுக்கும் டிக்கெட் உண்டு.

பிளான் போட உட்கார்ந்தவள் அந்த இடத்தின் பழைய கதைக்குள் இறங்கிவிட்டேன். இறங்கியது நல்லதாகப் போயிற்று. எந்த டிக்கெட் எடுப்பது, எதில் முதலில் ஏறுவது, பெரிய சவாரிகளுக்குப் போகும்போது சின்னதை யார் வைத்துக்கொள்வது என்று இன்றைய பெற்றோர் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். இந்தக் கேள்விகள் எல்லாம் எப்படி முளைத்தன என்பது அந்தப் பூங்காவின் எழுபது வருஷ டிக்கெட் கதையில் இருக்கிறது. விடையும் அங்கேதான் இருக்கிறது.

வால்ட் டிஸ்னிக்கு இரண்டு பெண்கள், டயானும் ஷேரனும். சனிக்கிழமைகளில் அவர்களை லாஸ் ஏஞ்சலீஸ் கிரிஃபித் பார்க்கில் இருந்த குடை ராட்டினத்துக்கு அழைத்துப் போவார். குழந்தைகள் குதிரை மேல் சுற்றுவார்கள். அப்பா பெஞ்சில் உட்கார்ந்து கடலை கொறிப்பார். பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து விளையாட ஓர் இடம் இருக்கக் கூடாதா என்று அங்கே தோன்றியதாகப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். இந்தக் கதையைப் பூங்காவின் விளம்பரக்காரர்கள் ஆயிரம் முறை சொல்லித் தேய்த்துவிட்டார்கள். ஆனாலும் பிளான் போடுகிறவர்கள் அதை மறக்கக் கூடாது. பெற்றவர்கள் பெஞ்சில் உட்காராமல் இருப்பதற்காகக் கட்டப்பட்ட இடம் அது.

எனக்கு அதைவிடப் பிடித்தது ரயில் கதை. என் அப்பா பொன்மலைப் பணிமனையில் ஃபிட்டர். நீராவி எஞ்சின் சத்தத்தில் வளர்ந்தவள் நான். வால்ட் டிஸ்னியும் ரயில் பைத்தியம் என்று படித்ததும் அவர் மேல் தனி மரியாதை வந்துவிட்டது. 1948ல் சிகாகோவில் ஒரு ரயில்வே கண்காட்சி நடந்தது. தன் ஸ்டுடியோவில் படம் வரையும் வார்ட் கிம்பல் என்பவரோடு டிஸ்னி அதைப் பார்க்கப் போனார். கிம்பலோ வீட்டுக் கொல்லையிலேயே நிஜ ரயில் எஞ்சின் வைத்திருந்த ஆள். ஊர் திரும்பிய சூட்டோடு, அதே ஆண்டு ஆகஸ்ட் 31 தேதியிட்டு, மிக்கி மவுஸ் பெயரில் ஒரு பூங்கா கட்டுவது பற்றி டிஸ்னி குறிப்பு எழுதினார். பிறகு தன் வீட்டுத் தோட்டத்தில், நிஜ அளவில் எட்டில் ஒரு பங்குக்கு ஒரு நீராவி ரயில் ஓட்டினார். எஞ்சினுக்கு மனைவி லில்லியன் நினைவாக லில்லி பெல் என்று பெயர். 1953ல் அது தடம் புரண்டு, வந்திருந்த ஒரு சிறுமிக்கு நீராவி சுட்டுவிட்டது. அன்றோடு அந்த ரயிலை நிறுத்திவிட்டார். குழந்தைகள் பாதுகாப்பாக ஏறும் ஒரு ரயில் வேண்டும் என்றால் அதற்கான இடமும் பெரிதாக வேண்டும்.

ஸ்டுடியோ இருந்த பர்பாங்க் நகரில் கேட்டார். திருவிழாக் கூத்தெல்லாம் எங்கள் ஊருக்குச் சரிப்படாது என்ற போக்கில் நகரசபை கைவிரித்தது. அப்புறம் ஹாரிசன் பிரைஸ் என்ற ஆராய்ச்சியாளரிடம், மக்கள் தொகை எந்தப் பக்கம் நகர்கிறது, நெடுஞ்சாலை எங்கே வருகிறது, மழை எங்கே குறைவு என்று கணக்குப் பார்க்கச் சொன்னார். அனஹைம் என்ற சிற்றூரைப் பிரைஸ் காட்டினார். அங்கே 160 ஏக்கர், பெரும்பாலும் ஆரஞ்சுத் தோட்டம். புதிதாக வந்துகொண்டிருந்த நெடுஞ்சாலை பக்கத்திலேயே. காரில் வரும் குடும்பத்தை மனதில் வைத்துப் பொறுக்கிய இடம் அது. வாகனம் நிறுத்த மட்டும் சுமார் 12,000 கார்களுக்கு இடம் ஒதுக்கினார்கள்.

பணத்துக்கு ஆயுள் காப்பீட்டின் பேரில் கடன் வாங்கினார், வீடு ஒன்றை விற்றார். அது போதவில்லை. ஏபிசி தொலைக்காட்சி 5 லட்சம் டாலர் போட்டு, 45 லட்சம் டாலர் கடனுக்கு ஜாமீனும் நின்றது. பதிலுக்குப் பூங்காவில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் எடுத்துக்கொண்டது. டிஸ்னி வாராவாரம் ஒரு நிகழ்ச்சியும் தயாரித்துக் கொடுக்க வேண்டும். 1954 அக்டோபரில் தொடங்கிய அந்த நிகழ்ச்சியின் பெயரே டிஸ்னிலேண்ட். பூங்கா திறப்பதற்கு ஒன்பது மாதம் முன்பே அமெரிக்க வீடுகளின் கூடத்தில் குழந்தைகள் அதைப் பார்த்தாகிவிட்டது. விடுமுறைக்கு எங்கே போவது என்று பெரியவர்கள் பேசி முடிவெடுப்பதுதான் அதுவரை வழக்கம். இங்கே பிளான் போட்டது பிள்ளைகள். கார் ஓட்டியது அப்பாக்கள்.

கேளிக்கைத் திடல் தொழிலில் பழம் தின்று கொட்டை போட்ட முதலாளிகள் சிலரிடம் 1953ல் இந்தத் திட்டத்தைக் காட்டியபோது அவர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். ஒரே வாசல் வைத்தால் கூட்டம் முட்டும் என்றார்கள். கோட்டை கட்டினால் காசு வராது, ராட்சத ராட்டினம் இல்லாமல் எவன் வருவான், வருஷம் முழுக்கத் திறந்து வைத்தால் திவால்தான் என்றார்கள். அந்த ஒரே வாசலை நான் கவுண்டர்க்காரியாகவே பார்க்கிறேன். குழந்தை தொலைந்தால் வெளியே போக ஒரு வழிதான் இருக்கிறது. அதைவிடப் பெரிய நிம்மதி எந்தத் தாய்க்கு வேண்டும்?

பூங்காவைச் சுற்றி மண்ணைக் குவித்து மேடு போட்டு, அதன் மேல் ரயில் பாதை அமைத்தார்கள். வெளியே இருக்கும் ஊர் உள்ளே இருப்பவர் கண்ணில் படக் கூடாது என்பது நோக்கம். பாதையின் அகலம் மூன்று அடி. நம் பழைய மீட்டர் கேஜைவிட மூன்றங்குலத்துக்குச் சற்று மேல் குறைவு. முதல் இரண்டு எஞ்சின்களும் ஸ்டுடியோ பட்டறையிலேயே உருவாயின. சான்டா ஃபே ரயில்வே ஆதரவு கொடுத்ததால் அந்த ரயில்வேயின் பெரிய மனிதர்களான ஹாலிடே, ரிப்ளி பெயர்களை அவற்றுக்கு வைத்தார்கள். 1958ல் வந்து சேர்ந்த மூன்றாவது எஞ்சின் 1894ல் செய்யப்பட்டது, லூசியானாவில் கரும்பு இழுத்துக் கிடந்தது. இன்றும் அது குழந்தைகளை இழுக்கிறது.

1955 ஜூலை 17, ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா. அழைப்பிதழ் உள்ளவர்களுக்கு மட்டும் என்று சொல்லியிருந்தார்கள். கள்ள டிக்கெட் அச்சடித்துவிட்டார்கள். சுமார் 28,000 பேர் புகுந்தார்கள். வேலியில் ஏணி சாத்தி ஆளுக்கு 5 டாலர் வசூலித்தவன் ஒருவன் இருந்தானாம். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது; பண்டிகைக் கால ரயில் நிலையத்தில் வேலை பார்த்தவளுக்கு இதெல்லாம் புதிதா? வெயில் சுட்டெரித்தது. புதிதாகப் போட்ட தார் இளகி, பெண்களின் செருப்புக் குதிகால் புதைந்தது. குழாய்த் தொழிலாளர் வேலைநிறுத்தம் அப்போதுதான் முடிந்திருந்ததால் குடிநீர்க் குழாய், கழிப்பறை இரண்டில் ஒன்றைத்தான் முடிக்க முடியும் என்ற நிலைமை. கழிப்பறையை முடியுங்கள் என்றார் டிஸ்னி. குளிர்பானம் விற்கத்தான் தண்ணீர் இல்லை என்று பத்திரிகைகள் திட்டின. சின்னப் பிள்ளைகளோடு வெளியூர் போய் வந்தவர்கள் டிஸ்னி பக்கம்தான் நிற்பார்கள்.

மறுநாள் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். நுழைவு பெரியவர்களுக்கு ஒரு டாலர். அன்றைய மதிப்பில் நம் ஐந்து ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. குழந்தைகளுக்கு 50 சென்ட், சரியாக அரை டிக்கெட். உள்ளே ஒவ்வொரு சவாரிக்கும் 10 முதல் 35 சென்ட் வரை தனிக் காசு. ஒரு குடும்பம் சவாரிக்கு டிக்கெட் வாங்க ஒரு வரிசை, ஏறுவதற்கு ஒரு வரிசை என்று இரண்டு தடவை நின்றது. அப்பாவின் கை நிமிஷத்துக்கு ஒரு தடவை பர்ஸுக்குப் போனது. ஏழு வாரத்தில் பத்து லட்சம் பேர் வந்தார்கள் என்றால் அந்தச் சில்லறைக் கவுண்டர்களின் நிலைமையை நினைத்துப் பாருங்கள்.

அக்டோபரில் டிக்கெட் புத்தகம் வந்தது. நுழைவோடு எட்டு சவாரிகள், பெரியவர்களுக்கு இரண்டரை டாலர். சீட்டுகளை ஏ, பி, சி என்று தரம் பிரித்தார்கள். அடுத்த வருஷம் டி சேர்ந்தது. 1959ல் ஈ வந்தது. எழுத்து ஏற ஏற விலையும் ஏறும். இதைத் தொழில் தெரிந்தவர் செய்த வேலை என்பேன். புத்தகத்தில் ஈ சீட்டு கொஞ்சம்தான் இருக்கும். அது தீர்ந்ததும் மிச்ச சீட்டுகளைக் கழிக்கக் குடும்பம் தானாகவே சின்ன சவாரிகள் பக்கம் நகரும். யாரும் தடுப்புக் கயிறு கட்டவில்லை, விசில் ஊதவில்லை. கூட்டத்தைப் பிரித்து அனுப்பிய வேலையை ஐந்து எழுத்துகள் செய்தன.

1959 ஜூனில் ஈ சீட்டோடு மூன்று பெரிய சவாரிகள் வந்தன: நீர்மூழ்கிக் கப்பல், மோனோரெயில், மேட்டர்ஹார்ன். மோனோரெயிலைத் தொடங்கிவைக்கத் துணை ஜனாதிபதி நிக்சன் குடும்பத்தோடு வந்தார். மேட்டர்ஹார்ன் என்பது சுவிட்சர்லாந்து மலையை நூறில் ஒரு பங்காக, 147 அடி உயரத்தில் கட்டி, அதற்குள் எஃகுக் குழாய்த் தண்டவாளம் போட்டு வளைத்து ஓடவிட்ட வண்டி. குழாய் இரும்பில் ஓடிய முதல் ரோலர் கோஸ்டர் அதுதான். நேரு 1961 நவம்பரில் இந்திரா காந்தியோடு அங்கே போனபோது இவையெல்லாம் வந்துவிட்டிருந்தன. வால்ட் டிஸ்னியே கூடவந்து சுற்றிக் காட்டினார்.

இங்கேதான் கதை திரும்புகிறது என்பது என் எண்ணம். மேட்டர்ஹார்னில் இன்று ஏற 42 அங்குல உயரம் வேண்டும். 1977ல் வந்த ஸ்பேஸ் மவுன்டனுக்கு 40 அங்குலம். பாதுகாப்புக்கான விதி, குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த அளவுகோலுக்குக் கீழே நிற்கிற பிள்ளையோடு யாராவது ஒருவர் வெளியே இருந்தாக வேண்டும். டிஸ்னி எழுந்து வந்த பெஞ்சில் மறுபடி ஒரு பெரியவர் உட்கார வேண்டியதாயிற்று.

டிக்கெட் புத்தகம் 1982 வரை நீடித்தது. அமெரிக்க வீட்டு இழுப்பறைகளில் கழியாத ஏ, பி சீட்டுகள் மிஞ்சிக் கிடந்தன. வாசலில் ஒரு விலை, சவாரிக்கு ஒரு விலை என்று இரண்டையும் வசூலிக்கும் முதலாளி எதை உயர்த்தினால் லாபம் என்று வால்ட்டர் ஓய் என்ற பொருளாதார அறிஞர் 1971ல் டிஸ்னிலேண்டையே தலைப்பில் வைத்து ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். இன்றும் கல்லூரிகளில் அது பாடம். சவாரி விலையை அடக்க விலைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வாசலில் வாங்கிக்கொள் என்பது அதன் சாரங்களில் ஒன்று. வாசலிலேயே மொத்தமாக வாங்கும் வழக்கம் அதற்கு முன்பே இருந்தது. 1897ல் கோனி ஐலண்டில் ஜார்ஜ் டில்யூ என்பவர் 25 சென்ட்டுக்கு 25 சவாரி கொடுத்தார். 1961ல் டெக்சாஸில் சிக்ஸ் ஃபிளாக்ஸ் பூங்கா ஒரே கட்டணத்தோடு தொடங்கியது. 1982ல் டிஸ்னிலேண்டும் அந்த வழிக்கு வந்தது. ஒரு டிக்கெட், எத்தனை சவாரி வேண்டுமானாலும்.

பெற்றோருக்கு அப்பாடா என்றிருந்திருக்கும். கவுண்டர்க்காரிக்கு அடுத்து நடக்கப்போவது தெரியும். எல்லாச் சவாரிக்கும் ஒரே விலை, அதாவது விலையே இல்லை என்றால் அத்தனை பேரும் ஈ சவாரிக்குத்தான் ஓடுவார்கள். முன்பு காசாகக் கொடுத்ததை இப்போது நேரமாகக் கொடுத்தார்கள். 1999ல் ஃபாஸ்ட்பாஸ் வந்தது. சவாரி வாசலில் ஓர் இயந்திரம். டிக்கெட்டைச் செருகினால், இத்தனை மணிக்கு வா என்று இலவசமாகச் சீட்டு தரும். வீட்டில் ஒருவர் எல்லோருடைய டிக்கெட்டையும் வாங்கிக்கொண்டு அந்த இயந்திரத்துக்கு ஓடுவது விடுமுறையின் ஓர் அங்கமாயிற்று. 2017ல் அதே வேலையைக் கைபேசியில் செய்ய 10 டாலர். பெருந்தொற்றில் 2020 மார்ச்சில் மூடிய பூங்கா 2021 ஏப்ரல் 30ல் திறந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் இலவசச் சீட்டு போய், ஆளுக்கு 20 டாலரில் புதுத் திட்டம் வந்தது. இப்போது அதற்கு லைட்னிங் லேன் என்று பெயர். சுருக்கமாகச் சொன்னால் அது தட்கல். இதற்கிடையில் 2016 முதல் நுழைவுக் கட்டணமும் தேதிக்குத் தேதி மாறுகிறது. அரை டிக்கெட்டும் போயிற்று. மூன்று முதல் ஒன்பது வயது வரை, பெரியவர் விலையைவிடச் சில டாலர்தான் குறைவு.

மருமகளின் முதல் கேள்வியே அந்த லைட்னிங் லேன் பற்றித்தான். "எல்லாருக்கும் வாங்கிடலாமா அத்தை?"

வேண்டாம் என்றேன். காரணமும் சொன்னேன். அந்தப் பட்டியலை எடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் பழைய ஈ ஜாதி சவாரிகள்தான். டம்போ யானை அதில் இல்லை. பீட்டர் பான் இல்லை. குடை ராட்டினம் இல்லை. ரயில் இல்லை. மூன்று வயதுப் பேத்திக்கு வேண்டியவற்றில் பெரும்பாலானவற்றைக் காசு கொடுத்து முந்த முடியாது. அவளுக்கு வேண்டியவை 1955ல் இருந்தவை, அல்லது அவற்றின் தங்கைகள். ஆர்தர் அரசர் பெயரில் உள்ள குடை ராட்டினம் டொரான்டோவில் ஒரு பழைய கடற்கரைப் பூங்காவிலிருந்து வந்தது. எல்லாக் குதிரையும் பாய வேண்டும், ஒன்றுகூட நிற்கக் கூடாது என்று டிஸ்னி கேட்டு வாங்கிப் பொருத்தியது. டிக்கெட் புத்தகக் காலத்தில் அதற்கு ஏ சீட்டுதான், இருப்பதிலேயே மலிவு.

வரிசையின் நீளத்தைப் பார்த்து மலைக்கக் கூடாது, அது நகரும் வேகத்தைப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் தொழிலின் பாலபாடம். டம்போவில் 16 யானைகள். யானைக்கு இருவர் என்றாலும் ஒரு சுற்றுக்கு 32 பேர்தான். இறக்கி, ஏற்றி, பெல்ட் மாட்டி மறுபடி கிளம்ப வேண்டும். ஆகவே குட்டி வரிசையே மணிக்கணக்கில் இழுக்கும். இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்ட் படகுகள் அப்படி இல்லை. 1964ல் நியூயார்க் உலகக் கண்காட்சிக் கூட்டத்தை விழுங்குவதற்காகவே உருவாக்கி, 1966ல் இங்கே கொண்டுவந்தவை. ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டே இருக்கும். ஈ சீட்டு வாங்கிய சவாரிதான், ஆனால் உயரக் கட்டுப்பாடு கிடையாது. வரிசை நீண்டிருந்தாலும் தயங்காமல் நிற்கலாம்.

பிளானை எழுதி அனுப்பிவிட்டேன். கதவு திறப்பதற்கு முன்பே வாசலில் நிற்பது. முதலில் டம்போ, அடுத்தது பீட்டர் பான். மெதுவாக நகரும் வரிசைகளை ஆள் சேருமுன் முடித்துவிட வேண்டும். பிறகு குடை ராட்டினம், பேத்தி போதும் என்று சொல்லும்வரை. உச்சி வெயிலில் ரயில். "டைனோசர் ரயில்ல ஏறுமா அப்பாயி?" என்று பேரன் கேட்கிறான். ஏறாது, ஆனால் பாதை ஓரத்தில் நிற்கும். 1966 முதல் நின்றுகொண்டிருக்கிறது. நியூ ஆர்லியன்ஸ் ஸ்கொயர் ஸ்டேஷனில் ஒரு தந்தி இயந்திரம் தட்டிக்கொண்டே இருக்குமாம். திறப்பு நாள் உரையைப் பழைய ரயில்வே தந்திக் குறியீட்டில் அனுப்புகிறதாம். அதற்காக நான் அங்கே இறங்கியே தீருவேன். சாப்பாட்டுக்கு அப்புறம் அறைக்குத் திரும்பித் தூக்கம். அதே டிக்கெட்டில் மாலையில் மறுபடி உள்ளே வரலாம்.

மேட்டர்ஹார்னுக்குப் பேரனும் அவன் அப்பாவும் போகட்டும். வரிசையில் ஒரு தடவை நின்றால் போதும், அப்பா இறங்கியதும் அம்மா ஏறலாம் என்று ஆள் மாற்றிக்கொள்ள அங்கே ஓர் ஏற்பாடு இருக்கிறது. அதற்குக் கூடுதல் காசு இல்லை. நுழையும்போதே ஊழியரிடம் கேட்க வேண்டும். லைட்னிங் லேன் வாங்குவதென்றால் அவர்கள் மூவருக்கு மட்டும் வாங்கட்டும். நானும் பேத்தியும் ஏ டிக்கெட்டுக்காரர்கள். எங்களுக்கு அது தேவையில்லை. அவர்கள் மலையேறும் நேரத்தில் நாங்கள் பெஞ்சில் காத்திருக்கப் போவதில்லை, குதிரை மேல் இருப்போம்.